5டபிள்யூ-30ஆ, 20டபிள்யூ-50ஆ? சேலத்தில் புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு என்ஜின் ஆயில் வழிகாட்டி

வாரண்டி முடிந்து முதல் தடவையாக வெளியே ஆயில் மாற்றப் போகிறீர்கள், அல்லது பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கிரேடு போடட்டுங்க?" என்பதுதான். உங்களிடம் பதில் இல்லையென்றால், அவர் கடையில் அன்றைக்கு எந்த ஆயில் இருக்கிறதோ அதுதான் உங்கள் என்ஜினுக்குள் போகும்.

நான் வாங்கிய பழைய காருடன் கையேடு வரவில்லை. ஐந்து ரோடு பக்கம் ஒரு மெக்கானிக், "நம்மூரு வெயிலுக்கு அஞ்சு முப்பதெல்லாம் தண்ணியாட்டம் ஆயிருமுங்க, இருபது அம்பது ஊத்துங்க" என்றார். ஏற்காட்டில் வேலை பார்க்கும் நண்பரோ, மலைக் குளிருக்கு 0டபிள்யூ ஆயில்தான் சரி என்று அடித்துச் சொன்னார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் விலையை மட்டும் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. ஒரு கார், ஒரே என்ஜின், ஆளுக்கொரு ஆயில். சரியான பதிலைக் கண்டுபிடிக்க நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஊர் வெயிலும் மலைக் குளிரும் இதில் கிட்டத்தட்ட ஒன்றையும் முடிவு செய்வதில்லை. எந்த ஆயில் என்பதை உங்கள் என்ஜினின் வடிவமைப்புதான் முடிவு செய்கிறது.

1. முதலில் காரின் விவரங்களை எடுத்து வையுங்கள்

கடைக்குப் போகும் முன் நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: என்ஜின் வகை, தயாரித்த மாதம் வருடம், பெட்ரோலா டீசலா, புகைத் தர விதி பிஎஸ்4ஆ பிஎஸ்6ஆ. இவற்றில் பெரும்பாலானவை ஆர்சியிலேயே இருக்கும். புகைத் தர விவரம் கார்டில் இல்லையென்றால் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

காரின் பெயரை மட்டும் சொல்லி ஆயில் கேட்காதீர்கள். ஒரே பெயரில் வந்த கார் பத்து வருடத்தில் இரண்டு மூன்று என்ஜின் மாறியிருக்கும். 2012இல் வந்த காருக்குச் சரியாக இருந்த ஆயில், அதே பெயரில் 2022இல் வந்த காருக்குத் தவறாக இருக்கலாம். பிஎஸ்6 விதி நாடு முழுக்க 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் தயாரான டீசல் கார்களுக்கு ஆயில் விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. அதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

2. கையேட்டைக் கண்டுபிடியுங்கள்

கையேடு இல்லையென்றால் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்தில் கையேடு பிடிஎஃப் ஆகவே இலவசமாகக் கிடைக்கும். மாடலும் வருடமும் உங்கள் ஆர்சியோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கங்களில் 'விவரக்குறிப்புகள்' அல்லது 'பராமரிப்பு' என்ற பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். அங்கே எழுதி எடுத்துக்கொள்ள வேண்டியவை: பரிந்துரைக்கும் கிரேடு, அதற்கு மாற்றாக அனுமதிக்கும் கிரேடு, ஏபிஐ (அமெரிக்கத் தரம்) அல்லது ஏசிஇஏ (ஐரோப்பியத் தரம்) எழுத்துகள், ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை. இந்த ஐந்தையும் போனில் ஒரு படமாக எடுத்து வைத்துக்கொண்டால் போதும், கடையில் நின்று யாரிடமும் வாதாட வேண்டியதில்லை.

சில கையேடுகளில் வெப்பநிலைக் கோடு போட்ட ஒரு படம் இருக்கும். ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு பட்டை, கீழே டிகிரி. அதில் ஏற்காட்டின் குளிர்கால இரவுக்குப் பத்து டிகிரி என்றும், சேலத்தின் மே மாதத்துக்கு நாற்பத்திரண்டு என்றும் குறித்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பல பட்டைகள் பொருந்தும். அப்படிப் பொருந்தினால், கையேடு 'முதன்மைப் பரிந்துரை' என்று எதைச் சொல்கிறதோ அதை எடுங்கள்.

பிடிஎஃப்பும் கிடைக்கவில்லையா? பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள். பல கார்களில் மூடியின் மேலேயே கிரேடு அச்சாகியிருக்கும். அதுவும் இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு ஆர்சியோடு போய்ச் சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பழைய சர்வீஸ் விவரம் அவர்கள் கணினியில் இருந்தால், கடைசியாக என்ன ஆயில், எத்தனை கிலோமீட்டரில் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பழைய கார் வாங்குபவர்கள் இதை வாங்குவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

3. கேனில் உள்ள இரண்டு எண்களும் சொல்வது என்ன

இந்தக் கிரேடு முறை எஸ்ஏஇ என்ற அமைப்பு வகுத்தது. டபிள்யூ எழுத்துக்கு முன்னால் உள்ள எண், கடும் குளிரில் அந்த ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. பின்னால் உள்ள எண், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கையில் ஊற்றினால் ஓடும் வேகத்தில் என்ன வித்தியாசமோ, கிரேடுகளுக்கு இடையிலும் அதே வித்தியாசம்தான்.

முன் எண்ணுக்கான சோதனை எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில் சோதிக்கிறார்கள். 5டபிள்யூ மைனஸ் 30, 10டபிள்யூ மைனஸ் 25, 15டபிள்யூ மைனஸ் 20, 20டபிள்யூ மைனஸ் 15. எல்லாமே உறைநிலைக்குக் கீழே. நம் பக்கம் அப்படி ஒரு குளிர் என்றைக்கும் வராது.

பின் எண்ணுக்கான அளவு 100 டிகிரியில் எடுக்கப்படுகிறது. சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில், 20 என்றால் 6.9இலிருந்து 9.3 வரை, 30 என்றால் 9.3இலிருந்து 12.5 வரை, 40 என்றால் 12.5இலிருந்து 16.3 வரை, 50 என்றால் 16.3இலிருந்து 21.9 வரை. எண் கூடக் கூடச் சூட்டில் கெட்டி. அவ்வளவுதான். எண் பெரிதாக இருப்பதால் ஆயில் உயர்ந்தது என்றோ, அதிக நாள் உழைக்கும் என்றோ ஆகிவிடாது.

4. சேலத்து வெயில், ஏற்காட்டுக் குளிர்: இரண்டு தவறான யோசனைகள்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஓடும் என்ஜினுக்குள் ஆயிலின் சூடு சாதாரணமாக 90 முதல் 110 டிகிரி வரை இருக்கும். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டைத் தெர்மோஸ்டாட் ஓர் அளவில் பிடித்து வைக்கிறது. வெளியே நாற்பது டிகிரி அடித்தாலும் பதினைந்து டிகிரி இருந்தாலும், சூடேறிய பிறகு ஆயில் கிட்டத்தட்ட அதே எல்லைக்குள்தான் இருக்கும். மே மாதம் கொண்டலாம்பட்டி பைபாஸில் நெரிசலில் நின்றால் சில டிகிரி கூடலாம். அந்தச் சில டிகிரிக்கும் இடம் விட்டுத்தான் என்ஜினை வடிவமைக்கிறார்கள். ஆகவே "சேலம் வெயிலில் 30 தண்ணீராகிவிடும்" என்பது சரியல்ல. 30 என்ற எண்ணே 100 டிகிரியில் அளந்து கொடுத்தது. நம் ஊர் வெயில் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இப்போது காலையில் வண்டி எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். 40 டிகிரியில் 5டபிள்யூ-30 ஆயில் ஏறத்தாழ 60 முதல் 70 சென்டிஸ்டோக்ஸ் கெட்டியாக இருக்கும். 20டபிள்யூ-50 என்றால் 150க்கும் மேல். என்ஜின் ஓடும்போது கேட்பதோ பத்துப் பதினொன்று மட்டும். அதாவது சேலத்தின் உச்சி வெயிலில் நின்ற வண்டியிலும், ஸ்டார்ட் செய்யும் நொடியில் ஆயில் தேவைக்கு மேல் பல மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. அந்த முதல் சில நொடிகளில் மேலே உள்ள கேம் ஷாஃப்ட், வால்வு வரை ஆயில் சீக்கிரம் ஏறினால்தான் தேய்மானம் குறையும்.

இன்றைய பெட்ரோல் என்ஜின்களில் பேரிங் இடைவெளி சிறியது. வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது, அதன் துளைகளும் குறுகியவை. 0டபிள்யூ-20 கேட்கும் அப்படிப்பட்ட என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் பிக்கப் மந்தமாகும், மைலேஜ் குறையும், சில கார்களில் என்ஜின் எச்சரிக்கை விளக்கும் எரியும். "கெட்டி ஆயில் போட்டா சவுண்டு குறையுமுங்க" என்பார்கள். சத்தம் கொஞ்சம் அமுங்கலாம். தேய்மானம் குறைந்தது என்பதற்கு அது அத்தாட்சி இல்லை.

ஏற்காட்டுக்கு வருவோம். அங்கே மார்கழிப் பனியிலும் இரவு பத்துப் பன்னிரண்டு டிகிரி அளவுதான். 20டபிள்யூ ஆயில்கூட மைனஸ் 15இல் தேறியது. ஆகவே மலையில் வீடு என்பதற்காக 0டபிள்யூ தேடி அலைய வேண்டியதில்லை. கையேடு 0டபிள்யூ கேட்டால் போடுங்கள், 15டபிள்யூ-40 கேட்டால் அதையே போடுங்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்று மெலிவதால் என்ஜின் இழுவை குறையும். ஆனால் ஆயில் கிரேடு மாறாது.

5. கிரேடு மட்டும் பொருந்தினால் போதாது

இரண்டு கேன்களிலும் 5டபிள்யூ-30 என்றே இருக்கும், ஆனால் ஒன்று உங்கள் காருக்கு ஆகும், இன்னொன்று ஆகாது. வித்தியாசம் கேனின் பின்பக்கச் சின்ன எழுத்தில் இருக்கிறது.

ஏபிஐ தரத்தில் பெட்ரோலுக்கு எஸ் என்று தொடங்கும்: எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி. இரண்டாம் எழுத்து பின்னால் போகப் போகப் புதிய தரம். எஸ்பி 2020இல் வந்தது. எஸ்என் கேட்கும் காருக்கு எஸ்பி தாராளமாகப் போடலாம், எஸ்பி கேட்கும் காருக்கு எஸ்எல் போடக்கூடாது. சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின் வைத்திருப்பவர்கள் இதை விட்டுக்கொடுக்கவே வேண்டாம். குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமை இழுக்கும்போது பெட்ரோல் முன்கூட்டியே பற்றிக்கொண்டு பிஸ்டனைச் சேதப்படுத்தும் ஒரு சிக்கல் அந்த என்ஜின்களில் உண்டு. எஸ்பி தரம் அதைக் கட்டுப்படுத்தும்படி சோதிக்கப்பட்டது. ஏற்காடு மலைப்பாதையில் மூன்றாம் கியரிலேயே திணறத் திணற வளைவு ஏறுவது அந்தச் சிக்கலை நாமே கூப்பிடுவதுதான். சரியான ஆயில் போட்டாலும், கியரைக் குறைத்து ஏறுங்கள்.

ஏபிஐயில் டீசலுக்கு சி என்று தொடங்கும்: சிஐ-4, சிஜே-4, சிகே-4. பிஎஸ்6 டீசல் கார் என்றால் சைலன்ஸர் பாதையில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி பெரும்பாலும் இருக்கும். சாதாரண ஆயில் எரிந்து விடும் சாம்பல் அதில் போய் அடைத்துக்கொள்ளும். கரியை எரித்து நீக்கலாம், சாம்பலை அப்படி எரித்து நீக்க முடியாது. அதனால்தான் இந்தக் கார்களுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். கேனில் ஏசிஇஏ சி2, சி3 என்று சி வரிசையில் எழுதியிருக்கும். எந்த எண் என்பதைக் கையேடு சொல்லும். ஆயிலில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்த்து, பல ஆயிரங்களில் தொடங்கி லட்சம் வரை போகும் வடிகட்டியை இழக்காதீர்கள்.

ஐரோப்பிய நிறுவனக் கார்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் மேல் அந்த நிறுவனத்தின் சொந்த ஒப்புதல் எண் ஒன்று கேட்பார்கள். கேனில் அந்த எண் அச்சாகியிருக்க வேண்டும். "அதே மாதிரிதானுங்க இது" என்ற வாய்வார்த்தை போதாது.

இன்னொன்று. வீட்டில் பைக்குக்கும் காருக்கும் ஒரே கேனை வாங்கி வைக்க வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுவதால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று எழுதிய ஆயில்தான் ஆகும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

6. எவ்வளவு ஆகும்

சிறிய பெட்ரோல் காருக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டரைச் சுற்றி ஆயில் பிடிக்கும். டீசலிலும் பெரிய வண்டிகளிலும் ஐந்து ஆறு லிட்டர் வரை போகும். கீழே உள்ளவை தோராய விலைகள். பிராண்டைப் பொறுத்து ஏறும் இறங்கும்.

பழைய என்ஜின்களுக்கான சாதாரண 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50: லிட்டர் 350 முதல் 450 ரூபாய்.
சிந்தெட்டிக் (செயற்கை முறையில் தயாரித்த) 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20: லிட்டர் 500 முதல் 900.
டிபிஎஃப் டீசலுக்கான சி3 வகை: லிட்டர் 900ஐத் தாண்டும்.
ஆயில் ஃபில்டர்: பெட்ரோலுக்கு 100 முதல் 300, டீசலுக்கு அதற்கு மேல்.
ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் வாஷர்: பத்து இருபது ரூபாய்.
லோக்கல் மெக்கானிக் கூலி: 200 முதல் 400.

ஆக, சிந்தெட்டிக் போடும் சிறிய பெட்ரோல் காருக்குச் சுமார் ஆயிரத்து எண்ணூறிலிருந்து மூன்றரை ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். கம்பெனி சர்வீஸில் கூலி கூடும். கேனில் போட்டிருக்கும் எம்ஆர்பியில் 18 சதவீத ஜிஎஸ்டி ஏற்கெனவே அடக்கம். அதற்கு மேல் வரி என்று யாராவது சேர்த்தால் கேள்வி கேளுங்கள். சேலத்தில் லூப்ரிகன்ட் கடைகளில் எம்ஆர்பியிலிருந்து குறைத்துத் தருவது சகஜம், தயங்காமல் கேட்கலாம்.

'என்ஜின் ஃப்ளஷ்' என்று தனியாக ஒரு பாட்டில், 'தேய்மானத்தைத் தடுக்கும்' என்று இன்னொரு பாட்டில் பில்லில் ஏறும். நேரத்துக்கு ஆயில் மாற்றும் காருக்கு இரண்டும் தேவையில்லை. கையேடு கேட்கவில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல ஃபில்டர் வாங்குங்கள்.

7. கேனைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்

போலி ஆயில் எல்லா ஊரிலும் உண்டு. பெட்ரோல் பங்க்கில் அவர்கள் நிறுவனத்தின் சொந்த ஆயில் வாங்குவது ஒரு வழி: இந்தியன் ஆயில் பங்க்கில் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தில் மேக். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்குவது இன்னொரு வழி. எங்கே வாங்கினாலும் மூடியின் கீழ் வளையம் உடையாமல் இருக்கிறதா, உள்ளே ஃபாயில் சீல் முழுதாக இருக்கிறதா, கேனில் உள்ள பேட்ச் எண்ணும் தேதியும் அழிக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். க்யூஆர் குறி இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பேக்கிங் தேதி இரண்டு மூன்று வருடத்துக்குள் இருக்கட்டும்.

டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் ஆயில் மலிவுதான். ஆனால் டிரம்மில் ஒட்டியிருக்கும் பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் உண்டா என்று உங்களால் சோதிக்க முடியாது. புதிதாகக் கார் வைத்திருப்பவர்கள் சீல் போட்ட கேனையே வாங்குங்கள். ஊற்றி முடித்த காலிக் கேனில் ஒரு துளை போட்டுவிட்டு வாருங்கள், அதில் வேறொன்றை நிரப்பி விற்க முடியாது.

8. எப்போது மாற்றுவது

இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. பழைய கார்களுக்கு 5,000. "எது முதலில்" என்பதுதான் முக்கியம். ஃபேர்லேண்ட்ஸ் வீட்டிலிருந்து ஜங்ஷன் வரை மட்டும் தினமும் ஓட்டுபவருக்கு வருடத்தில் மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. கிலோமீட்டர் ஏறவில்லையே என்று மூன்று வருடம் அதே ஆயிலில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் இந்தச் சின்னச் சின்ன ஓட்டம்தான் ஆயிலுக்குக் கொடுமை. என்ஜின் முழுச் சூடேறும் முன் அணைந்துவிடும். உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாக நேரம் கிடைக்காது. கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று ஒரு பட்டியல் இருக்கும்: குறைந்த தூரம், தூசி, நெரிசல், மலைப்பாதை. அதில் உங்கள் ஓட்டம் வந்தால் இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

ஏற்காட்டில் குடியிருந்து அங்கேயே சுற்றி ஓட்டுபவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. பனி மூட்டக் காலத்தில் ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்மையும் பழுப்புமாக ஒரு குழம்பு படிந்திருக்கும். மூடியில் மட்டும் என்றால் ஈரம் குளிர்ந்து படிந்தது, அரை மணி நேரம் விடாமல் ஓட்டினால் போய்விடும். ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கிலும் அதே குழம்பு தெரிந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் ஆயில் அளவு குறைகிறதா என்று மட்டும் பார்க்காமல், கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். டிபிஎஃப் கரியை எரிக்க என்ஜின் கொஞ்சம் டீசலை அதிகமாகத் தெளிக்கும். அது முடியும் முன் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால் அந்த டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டைத் தாண்டினால் உடனே மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறையாவது ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் இருபது முப்பது நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

9. மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

மிதமான சூட்டில் இருக்கும்போது ஆயில் முழுதாக வடியும். கையைச் சுடும் அளவுக்குச் சூடு இருந்தால் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிய பிறகு குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் வடியட்டும். அவசரப்படுத்தினால் கரி கலந்த பழைய ஆயில் அடியில் தங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாப் பட்டறையிலும் கூட்டம், வார நாளில் காலை பத்து மணிக்குள் போனால் நிதானமாகச் செய்வார்கள். மொத்தமாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஃபில்டரைக் கட்டாயம் அதே தடவை மாற்றுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவிக் கையால் முறுக்கினால் போதும். பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மெக்கானிக் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன்மேல் புதியதை மாட்டினால் இரண்டு ரப்பர்களுக்கு நடுவே ஆயில் பீச்சும். வாஷரும் புதிது.

கேன் முழுவதையும் கவிழ்த்துவிட வேண்டாம். கையேட்டு அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி, என்ஜினை ஒரு நிமிடம் ஓட விட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். அதிகமானாலும் ஆபத்துதான். கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாகும், நுரைத்த ஆயில் எதையும் காப்பாற்றாது.

10. மலை ஏறும் முன்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் உங்கள் கிரேடு ஆயில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் பாதை முழுக்க வண்டி நிற்கும், மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் வந்து சேர நேரமாகும். மிச்சமுள்ள ஆயிலை இறுக மூடி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவை சேலத்திலேயே சமதளத்தில் பார்த்துவிடுங்கள். மேலே பல விடுதிகளில் வண்டி நிறுத்தும் இடமே சரிவு. மூக்கு மேலே தூக்கி நின்றால் ஸ்டிக்கில் ஓர் அளவு, கீழே சாய்ந்து நின்றால் வேறு அளவு. அதை நம்பி ஊற்றினால் கூடிப்போகும். மேலே பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தால் ஏரிப் பக்கம் சமமான இடமாகப் பார்த்து நிறுத்திப் பாருங்கள்.

டர்போ வண்டியை ஏறி முடித்ததும் உடனே அணைக்காமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். இறங்கும்போது கியரில் பிடித்து இறங்குவதுதான் சரி. நீண்ட இறக்கத்துக்குப் பின் ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் நீலப் புகை வந்தால், வால்வு சீல் வழியாக ஆயில் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரைகூட ஓட்டாதீர்கள். ஓரங்கட்டி அப்போதே அணையுங்கள்.

11. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார்

இங்கே மட்டும் சற்றுக் கெட்டியான ஆயிலுக்கு நியாயம் உண்டு, அதுவும் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள். 5டபிள்யூ-30 போட்டு ஓடிய என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்தால், பட்டியலில் இருந்தால் 5டபிள்யூ-40க்குப் போகலாம். ஒரே தாவலில் 20டபிள்யூ-50க்குப் போக வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் குறைந்தால் கிரேடை மாற்றிச் சமாளிக்காமல் கசிவு எங்கே, பிஸ்டன் ரிங்கா, வால்வு சீலா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

12. பில்லும் பழைய ஆயிலும்

பில்லில் வண்டி எண், தேதி, கிலோமீட்டர், ஆயிலின் முழுப் பெயர், கிரேடு, தர எழுத்துகள், லிட்டர், ஃபில்டர் எண் ஆகியவை இருக்க வேண்டும். "ஆயில் சர்வீஸ்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து விவரமாகக் கேளுங்கள். வாரண்டிக்குள் என்ஜினில் ஏதாவது வந்தால் முதலில் கேட்பது இந்தப் பில்லைத்தான். பின்னால் காரை விற்கும்போதும் இந்தக் காகிதக் கட்டுக்கு விலை உண்டு. கேனின் பின்பக்கத்தையும் கிலோமீட்டர் மீட்டரையும் ஒரே நாளில் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள்.

வடித்த பழைய ஆயில் அபாயகரக் கழிவு. அதைச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்ற விடாதீர்கள். ஏற்காட்டில் ஊற்றினால் அது காப்பித் தோட்டத்துக்கும் ஓடைக்கும் போய்ச் சேரும். பெரிய பட்டறைகள் டிரம்மில் சேர்த்து, மறுசுழற்சிக்கு உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்கின்றன. உங்கள் மெக்கானிக் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். வீட்டிலேயே மாற்றுபவர் என்றால் பழைய கேனிலேயே நிரப்பி, மூடி, அப்படி ஒரு பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். இதற்கு மட்டும் அந்தக் கேனை ஓட்டை போடாமல் வைத்திருங்கள்.

மாற்றிய மறுநாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். சொட்டு ஏதும் இல்லையென்றால் ஸ்டிக்கை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள். டீசலில் அதற்குள் ஆயில் கறுத்திருக்கும், அது இயல்பு.